மின்சாரமும் தண்ணீரும் தயாரிக்கும் கம்பெனியில் 12 வருடம்: ஐந்துக்கு மூன்றரை

"அண்ணா, அபுதாபியில ஒரு பவர் அண்ட் வாட்டர் கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, போலாமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது வாட்ஸப்பில் இப்படிக் கேட்கிறார்கள். கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய மைத்துனர்கள், ஒரு தடவை எங்கள் தெருப் பால்காரர் மகன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், வாழ்க்கையில் பத்து வருடத்தை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வேலைக்கு ஒன்று எழுதினால் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை, இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் கடலோரத்தில் எந்த நிலையத்தில் சேர்ந்தாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அதை வைத்து என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மெக்கானிக்கல் எஞ்சினியர். தூத்துக்குடிப் பக்கம் ஒரு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் நாலு வருடம் பம்ப் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். 2013 அக்டோபரில் இங்கே வந்தேன். 11 வருடம் வெப்பமுறை டீசாலினேஷனில், அதாவது கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீர் ஆக்குவதில், போன வருடத்திலிருந்து அதையே சவ்வு வழியாக வடிக்கும் ஆர்.ஓ.வில். அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. இது ஏன் முக்கியம் என்றால், இந்த வேலையை எனக்கு யாரும் அப்பா அளவுக்குச் சரியாகப் புரியவைக்கவில்லை.

முதல் லீவில் ஊருக்குப் போனபோது, நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கடல் தண்ணீரை 105, 110 டிகிரி வரைக்கும் சூடாக்கி, வரிசையாக இருபது அறைகளுக்குள் விடுவோம், ஒவ்வொரு அறையிலும் முந்தைய அறையைவிடக் காற்றழுத்தம் குறைவு, அதனால் அடுப்பே இல்லாமல் ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் தானாகக் கொதித்து ஆவியாகும், மேலே குளிர்ந்த குழாய்களில் பட்டுச் சொட்டும், அந்தச் சொட்டுதான் குடிதண்ணீர், மிச்சம் கடலுக்கே போய்விடும் என்றேன். எம்.எஸ்.எஃப். என்று அதற்குப் பெயர். கேட்டுவிட்டு அவர், "அப்போ நாங்க தண்ணிய வானத்துக்கு விட்டுட்டு உப்ப வாரிக்கிறோம், நீ உப்பக் கடலுக்கு விட்டுட்டுத் தண்ணிய வாரிக்கிற, அம்புட்டுதானலே?" என்றார். அம்புட்டுதான்.

அதோடு விடவில்லை. "ஜிப்சம் கட்டுமே, அத என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் அசந்துவிட்டேன். உப்பளத்தில் தண்ணீர் 24 டிகிரிக்கு (இது சூடு இல்லை, உப்பின் அடர்த்தியை அளக்கும் போமே டிகிரி) ஏறிய பிறகுதான் உப்புப் பாத்திக்கு விடுவார்கள், அதற்கு முன்னாலேயே ஜிப்சம் தனியாகப் படிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கெட்டுப்போகும். எங்கள் ஆவியாக்கிக்குள்ளும் அதே ஜிப்சம்தான் எமன். சூட்டை 120 டிகிரிப் பக்கம் கொண்டுபோனால் குழாய்க்குள் கால்சியம் சல்பேட் பாறை மாதிரிக் கட்டிக்கொள்ளும், அதனால்தான் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்கிறோம். நாலு வருட பி.இ.யில் ஒரு பேராசிரியர்கூட இப்படிக் கேட்டதில்லை. (பேராசிரியர்கள் மன்னிக்கவும், உப்பளம் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.)

சரி, மின்சாரத்தையும் தண்ணீரையும் ஏன் ஒரே கம்பெனி தயாரிக்கிறது என்ற கேள்விக்கு வருவோம், இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். எரிவாயுவை எரித்து கேஸ் டர்பைன் ஓடுகிறது. அதன் புகையில் இருக்கும் சூட்டை வைத்து நீராவி எடுக்கிறார்கள். அந்த நீராவி ஒரு ஸ்டீம் டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும்போது இன்னும் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும். அதை வீணாக்காமல் கடல்நீரைச் சூடாக்கக் கொடுத்துவிடுவார்கள். பழைய சோற்றுத் தண்ணியைக்கூட வீணாக்காத வீடு மாதிரி. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் கோடையில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும், குளிர்காலத்தில் அது பாதி அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீர்த் தேவை மட்டும் ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறக்குறைய அதேதான், மனிதன் குளிர்காலத்தில் குளிக்காமல் இருந்தாலும் சமைக்காமல் இருக்க மாட்டான். ஆகவே ஜனவரியில் மின்சாரம் யாருக்கும் வேண்டாமென்றாலும் தண்ணீருக்காக டர்பைனை ஓட்டியே ஆகவேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னால் "நெய்க்குத் தொன்னையா தொன்னைக்கு நெய்யா" என்பார். இந்த ஒரு சிக்கல்தான் உங்கள் எதிர்காலத்தையும் முடிவு செய்யப்போகிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொன்று, வேலைக்குச் சேரும்போது யாரிடம் சேருகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியவில்லை. 1998-ல் அபுதாபி அரசு இந்தத் துறையை உடைத்து வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த பல நிலையங்களில் 60 சதவீதம் அரசுத் தரப்பிடமும் 40 சதவீதம் வெளிநாட்டுக் கூட்டாளியிடமும் இருக்கும். அப்படி நிலையத்துக்குச் சொந்தக்காரன் ஒரு கம்பெனி, அதை ஓட்டிப் பராமரிப்பது இன்னொரு கம்பெனி, ஆள் சப்ளை செய்வது சில சமயம் மூன்றாவது கம்பெனி. வாசலில் ஒரே பெயர்ப்பலகை, உள்ளே மூன்று விதமான அடையாள அட்டை. சொந்தக்காரக் கம்பெனியில் எஞ்சினியர்கள் ஒரு கையளவுதான், நல்ல சம்பளம், ஐந்து மணிக்குக் கார் கிளம்பிவிடும். ஓட்டுகிற கம்பெனியில்தான் நாம் எல்லாம். ஆள் சப்ளை கம்பெனியில் அதே வேலை, முக்கால் சம்பளம். ஆஃபர் கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயரை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள், நிலையத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் வாங்குவது அரசின் ஒரே நிறுவனம், 20, 25 வருட ஒப்பந்தத்தில். அதில் பெரும்பங்கு பணம் எவ்வளவு விற்றோம் என்பதற்கு வருவதில்லை, எவ்வளவு நேரம் தயாராக இருந்தோம் என்பதற்கு வருகிறது. நாளைக்குக் கேட்டால் இத்தனை மெகாவாட், இத்தனை மில்லியன் காலன் தர முடியும் என்று காலையில் அறிவிக்க வேண்டும், சொன்னபடி தர முடியாவிட்டால் வரும் பணத்தில் வெட்டு. கோடையில் ஒரு மணி நேரம் நின்றால் குளிர்காலத்தில் நிற்பதைவிட வெட்டு அதிகம். நிதி விவகாரம் மாதிரித் தெரியும், ஆனால் உங்கள் லீவை முடிவு செய்வதே இதுதான். மே முதல் செப்டம்பர் வரை எந்த மெஷினையும் கழற்ற முடியாது, ஆகவே வருடாந்திரப் பராமரிப்பு எல்லாம் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில். பராமரிப்பு நடக்கும்போது லீவு கிடையாது. 12 பொங்கலில் நான் வீட்டில் இருந்தது 2. தீபாவளி பரவாயில்லை, பாதிக்குப் பாதி கிடைத்தது. இங்கே பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வரும், அப்போது கோடை உச்சம், "மினிமம் ஆட்கள் இருக்கணும்" என்பார்கள். மனைவி, பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகு தனியாக ரசம் வைத்துக் குடித்த ஆகஸ்ட் மாதங்களை எண்ணினால் இரண்டு கை போதாது.

ஷிப்ட் 12 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு, நாலு நாள் ஓய்வு. நாலு நாள் ஓய்வு என்றதும் எல்லோருக்கும் கண் விரியும். முதல் நாள் தூங்கியே போகும், நாலாவது நாள் நாளைக்குப் போகணுமே என்று போகும், நடுவில் இரண்டு நாள் உண்மையான ஓய்வு, அது நிச்சயம் நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். கண்ட்ரோல் ரூம் எப்போதும் குளிரில் நடுங்கும், வெளியே ஆகஸ்ட் ராத்திரியில் கதவைத் திறந்தால் கண்ணாடி உடனே வேர்த்துவிடும், மூக்குக்கண்ணாடிக்காரர்கள் ஐந்து நிமிடம் குருடர்கள்.

இரவு ஷிப்டில் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு மே மாதம், விடியற்காலை மூன்றேகால். கடல்நீர் உள்ளே வரும் இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் வலைத் திரைகள் உண்டு, குப்பையை அள்ளி மேலே கொண்டுவந்து கொட்டும். ஒரு திரைக்கு முன்னும் பின்னும் நீர்மட்ட வித்தியாசம் ஏறுகிறது என்று அலாரம் வந்தது. பாசி வந்திருக்கும் என்று நினைத்து ஃபீல்டு ஆபரேட்டரை அனுப்பினேன், மலப்புரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரேடியோவில் அவர் சொன்னது ஒரே வார்த்தை, "சாரே, ஜெல்லி." நானும் ஓடினேன். ஜெல்லிமீன், எங்கள் ஊரில் சொறி என்போம், வலையில் மாட்டினால் மீனவர்கள் திட்டிக்கொண்டே உதறுவார்கள். அங்கே அது ஒன்று இரண்டு இல்லை, விளக்கு வெளிச்சத்தில் கடலே வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி இருந்தது. திரை தூக்கத் தூக்கக் கொழகொழவென்று மேலே வந்து, கழுவும் தண்ணீரில் பாதி உடைந்து மறுபக்கமாக உள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. மட்டம் இறங்கினால் பம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும், பம்ப் நின்றால் ஆவியாக்கி நிற்கும், அதற்கு நீராவி கொடுக்கும் டர்பைனுக்கு நீராவியை விடுவதற்கு இடமில்லாமல் போகும். இரண்டு யூனிட்டைக் கீழே இறக்கி, மூன்றாவதைக் காப்பாற்றினோம். மண்வெட்டி, பிளாஸ்டிக் கூடை, நாலு பேர், ஆறு மணி வரைக்கும் அள்ளினோம். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஆட்டோமேஷன் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அன்றைக்கு அபுதாபிக்குத் தண்ணீர் கொடுத்தது மண்வெட்டி. காலையில் மீட்டிங்கில் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் 03:15-க்கு வந்த அலாரத்துக்கு 03:19-க்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள்?" ரிவ்யூவில் அரை நட்சத்திரம் போனது இந்த ஒரு கேள்விக்கு.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு இல்லை, ஏரி இல்லை, ஊரே கடல்நீரைக் காய்ச்சிக் குடிக்கிறது. அதனால்தான் லிவா பாலைவனத்தில் மண்ணுக்கு அடியில் 2.6 கோடி கன மீட்டர் சுத்திகரித்த தண்ணீரைச் சேமித்து வைத்து 2018-ல் திறந்தார்கள். பாலைவனத்தில் குழி வெட்டி நல்ல தண்ணீரை மண்ணுக்குள்ளேயே ஊற்றுவது என்று முதலில் கேட்டபோது சிரிப்பு வந்தது. ஒரு தடவை எல்லா நிலையமும் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

கற்றுக்கொள்ள இடம் உண்டா என்றால், உண்டு, முதல் நாலைந்து வருடம் கொட்டிக் கிடக்கிறது. என் வாழ்க்கையில் அதிகம் கற்றது ஆவியாக்கியின் வயிற்றுக்குள். ஜனவரி பராமரிப்பில் யூனிட்டை நிறுத்தி, ஆறவிட்டு, ஆள்நுழைவுத் துளையைத் திறப்பார்கள். உள்ளே ஆக்சிஜன் 20.9 இருக்கிறதா என்று பார்த்து, பெர்மிட் எழுதி, வெளியே ஒருவர் பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்த பிறகு, தவழ்ந்து உள்ளே போகவேண்டும். போனதும் ஒரு வாசனை வரும், உப்பளத்தில் மத்தியான நேரம் வரும் அதே வாசனை, கொஞ்சம் கந்தகம், கொஞ்சம் ஈயப் பாத்திரம். தலைக்கு மேலே கம்பி வலை மெத்தை மாதிரி அடுக்கியிருப்பார்கள், டெமிஸ்டர் என்று பெயர், ஆவி மேலே போகும்போது கூடவே தெறிக்கும் உப்புத் துளியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. அதில் ஒரு மூலையில் உள்ளங்கை அகலம் இடைவெளி விட்டுப்போனால் போதும், தண்ணீரின் உப்பளவு ஏறிவிடும். என் இரண்டாவது வருடம் ஒரு யூனிட்டில் அந்த அளவு ஏறிக்கொண்டே இருந்தது, குழாய் ஓட்டை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள், ஒவ்வொரு குழாயாகச் சோதித்து மூன்று நாள் போனது. கடைசியில் டார்ச்சோடு முதுகு தரையில் தேய்த்துக்கொண்டு போய்ப் பார்த்தால், ஏழாவது அறையில் ஒரு மெத்தை ஓரமாகச் சரிந்து, பாய் மடங்கின மாதிரி இருந்தது. அதைக் கட்டின கம்பி அரித்துப்போயிருந்தது. கம்பியின் விலை ஒரு டீ காசு. அன்றைக்கு எனக்கு எஞ்சினியர் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் அர்த்தம் தெரிந்தது, முதுகெல்லாம் கீறலோடு.

அந்த நாலைந்து வருடத்துக்குப் பிறகு கற்பது அப்படியே நின்றுவிடும். ஒரே மெஷின், ஒரே அலாரம், ஒரே பெர்மிட் படிவம். எந்த வால்வு எத்தனை மணிக்கு முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள், ஆனால் அந்த அறிவை அடுத்த கம்பெனியில் விற்க முடியாது. இதை யாரும் ஆஃபர் நேரத்தில் சொல்வதில்லை.

பணம். இதைத்தானே தேடிக்கொண்டிருந்தீர்கள்? மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். உதாரணத்துக்கு மாதம் 16,000 திர்ஹம் என்று இரண்டு ஆஃபர். ஒன்றில் அடிப்படை 7,000, மீதி வீட்டு வாடகை, போக்குவரத்து, அது இது. மற்றதில் அடிப்படை 10,000. கையில் வருவது ஒன்றுதான். ஆனால் இங்கே சட்டப்படி பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கு: முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். 12 வருடத்தில் முதலாவது ஆளுக்கு 73,500, இரண்டாவது ஆளுக்கு 1,05,000. 31,500 திர்ஹம் வித்தியாசம், ஒரு கையெழுத்தில். நான் முதல் ஆள் ரகம். சேரும்போது 25 வயசு, மொத்தத் தொகையை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, பெருக்கிப் பார்த்தே கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் பாஸ்போர்ட் சம்பளம். எங்கள் கம்பெனியில் அதற்கு எழுத்து வடிவம் கிடையாது, யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள், ஆனால் ஒரே மேஜையில் ஒரே வேலை பார்த்த மூன்று எஞ்சினியர்களில் பாஸ்போர்ட் நிறத்தைப் பார்த்தாலே சம்பளத்தைச் சொல்லிவிடலாம். டர்பைன் ரிப்போர்ட்டை எழுதுவது நாம், அதன் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது இன்னொருவர். முதல் வருடம் எரியும், மூன்றாவது வருடம் பழகும், ஏழாவது வருடம் அது பழகிவிட்டதே என்று மறுபடி எரியும். இன்னொரு அரை நட்சத்திரம் அங்கே.

உள்ளூர்க்காரர்களுக்குப் பதவி கொடுப்பது பற்றி நம் ஆட்கள் கேண்டீனில் நிறையப் புலம்புவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் ஊர், அவர்கள் கடல், அவர்கள் தண்ணீர், அதை ஓட்ட அவர்கள் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று அரசு நினைப்பதில் என்ன தப்பு, நெய்வேலியில் மண்ணின் மைந்தர்களுக்கு வேலை என்று நாம் கொடி பிடிக்கவில்லையா? என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் இப்போது எனக்கு மேலதிகாரி. முதல் நாளே எவாப்பரேட்டருக்குள் தவழ வந்தான், வெள்ளைக் கந்தூராவைக் கழற்றி வைத்துவிட்டு கவரால் மாட்டிக்கொண்டு. நல்ல மூளை. இன்றும் மற்றவர்கள் முன்னால் என்னை "உஸ்தாத்" என்றுதான் கூப்பிடுகிறான். ஆனால் உங்கள் மேல்கூரை எது என்பதை மட்டும் வரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்: சீனியர் எஞ்சினியர், மிஞ்சிப்போனால் செக்‌ஷன் ஹெட்.

காகிதங்கள் பற்றி ஒரு வார்த்தை. பட்டத்தை மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும், ஏஜெண்டிடம் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் தூக்கம் வராது. உங்கள் துறைக்கு, நீங்கள் படித்த வருடத்தில், என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா என்று கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அபுதாபிக்குத் தேவைப்படாமல் போகலாம், ஆனால் 2018-ல் குவைத்தில் எஞ்சினியர் விசா புதுப்பிக்க அதைக் கேட்க ஆரம்பித்தார்கள், பத்து இருபது வருடம் வேலை பார்த்தவர்கள் எல்லாம் எஞ்சினியர் இல்லை என்று ஆகி நின்றார்கள். ஐ.ஐ.டி.யில் படித்தவர்களே மாட்டிக்கொண்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்றரை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சம்பளம் 12 வருடத்தில் ஒரு நாள் தாமதமானதில்லை, கொரோனா காலத்திலும். பாதுகாப்பில் சமரசம் கிடையாது, பெர்மிட்டில் ஒரு கையெழுத்துக் குறைந்தால் மேனேஜரே சொன்னாலும் வேலையை நிறுத்தலாம், நான் இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறேன், யாரும் முறைக்கவில்லை. தூத்துக்குடியில் நான் பார்த்த ஒப்பந்த வேலையில் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவதுதான் பாதுகாப்பு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது என்று அரசு விதி, கூலித் தொழிலாளிக்கும் சேர்த்து, எங்கள் இடத்தில் ஒழுங்காக நடக்கிறது. மருத்துவக் காப்பீடு நல்லது, என் இரண்டாவது மகள் பிறந்ததற்கு ஆஸ்பத்திரி பில் என்ன என்றே எனக்குத் தெரியாது. பள்ளிக் கட்டணத்தில் கம்பெனி கொடுப்பது பாதிதான், மீதி நம் தலையில். மெஸ் சாப்பாடு பற்றிக் கேட்காதீர்கள். சாம்பாரில் உருளைக்கிழங்கு போட்டு அதற்கு மேல் சீரகம் தாளிக்கிற கொடுமைக்குத் தனி ரிவ்யூ எழுத வேண்டும்.

இப்போது கடைசி விஷயம், உண்மையில் இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வேலை எம்.எஸ்.எஃப். நிலையத்திலா, ஆர்.ஓ. நிலையத்திலா என்று கேளுங்கள். முன்பு சொன்னேனே, தண்ணீருக்காகக் குளிர்காலத்திலும் டர்பைனை ஓட்ட வேண்டும் என்று. அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. பராக்கா அணுமின் நிலையத்தின் நாலு யூனிட்டும் 2024-க்குள் ஓடத் தொடங்கிவிட்டன, மொத்தம் 5,600 மெகாவாட், நாட்டின் மின்சாரத்தில் கால் பங்கு. அது போக சூரிய மின்சாரம், நூர் அபுதாபி ஒன்றே 1,177 மெகாவாட். அணுவும் சூரியனும் கொடுப்பது மின்சாரம், எங்கள் ஆவியாக்கிக்கு வேண்டிய நீராவி அங்கிருந்து வராது. சவ்வு வழியாக அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ.வுக்கு மின்சாரம் மட்டும் போதும், ஒரு கன மீட்டருக்கு மூன்று நாலு யூனிட், எம்.எஸ்.எஃப். தின்னும் சக்தியில் அது ஒரு சின்னப் பங்கு. தவீலாவில் ஆர்.ஓ. நிலையம் ஒன்று ஒரு நாளைக்கு 90 கோடி லிட்டர் தருகிறது, உலகிலேயே பெரியது. நம் நெம்மேலியில் 2013-ல் தொடங்கினது 10 கோடி லிட்டர், அந்த மாதிரி ஒன்பது நெம்மேலி ஒரே வேலிக்குள்.

எங்கள் பெரிய தலைகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2008, 2009-ல் இந்தக் கடலில் செம்பாசி வந்தபோது சில ஆர்.ஓ. நிலையங்கள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன, எம்.எஸ்.எஃப். மட்டும் சளைக்காமல் ஓடியது என்ற கதையை ஒவ்வொரு டீ நேரத்திலும் சொல்வார்கள். கதை உண்மைதான். இந்தக் கடலில் லிட்டருக்கு 45 கிராம் உப்பு, நம் மன்னார் வளைகுடாவில் 35 தான், கோடையில் தண்ணீரே 35 டிகிரி சுடும், சவ்வுக்கு இது நரகம். ஆனால் அதற்குப் பிறகு முன்சுத்திகரிப்பு எவ்வளவோ மாறிவிட்டது, புதிதாக எம்.எஸ்.எஃப். கட்ட இங்கே யாரும் டெண்டர் விடுவதையும் நான் பார்க்கவில்லை. ஒப்பந்தம் முடிகிற நிலையத்துக்கு இன்றைக்கு 26 வயதில் ஆவியாக்கி எஞ்சினியராக வருவது, டிஜிட்டல் கேமரா வந்த பிறகு ஃபிலிம் கழுவக் கற்றுக்கொள்வது மாதிரி. ஆகவே ஆர்.ஓ. என்றால் வாருங்கள், அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதிக்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள். எம்.எஸ்.எஃப். மட்டும்தான் என்றால், கடன் அடைக்க, வீடு கட்ட ஐந்து வருடம் என்று நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். பத்து வருடம் ஓட்டிவிட்டு முழிக்காதீர்கள், என்னை மாதிரி.

நான் போன வருடம்தான் அதே குழுமத்தின் ஆர்.ஓ. பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன், சம்பளத்தில் ஒரு படி இறங்கி. அங்கே எனக்குக் கற்றுக்கொடுப்பது சிவகாசிப் பையன் ஒருவன், கெமிக்கல், வயது 27. உள்ளே வரும் தண்ணீரில் எவ்வளவு நுண்மண் இருக்கிறது என்று காட்டும் எஸ்.டி.ஐ. சோதனைக்கு, ஒரு ரூபாய்க் காசைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலத்தில் வெள்ளை வடிதாள் ஒன்று உண்டு, பதினைந்து நிமிடம் தண்ணீர் ஓட்டி எடுத்தால் அதில் விழும் கறையின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். முதல் வாரம் நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, லேசான பழுப்புதான் என்றேன். அவன் என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான். "அண்ணாச்சி, இது உங்க பழைய அண்டா இல்ல, நாலுக்கு மேல போச்சுன்னா மெம்ப்ரேன் போச்சு. போய் ஃபில்டர் பேக்வாஷ் போடச் சொல்லுங்க, அப்புறம் டீ குடிக்கலாம்." போய்ச் சொன்னேன்.